அடுப்பில் எத்தனை இடம்? வெயில்கால பார்பிக்யூவுக்கு இரண்டு மெனு

போன வருஷம் வெயில் காலத்தில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு வீட்டுக்குப் பின்னால் பார்பிக்யூ போட்டேன். அடுப்பு ஒன்றே ஒன்று, மூடி போட்ட வட்டக் கரி அடுப்பு. மெனுவில் சிக்கன், சாசேஜ், மீன், மக்காச்சோளம், கத்தரிக்காய், குடைமிளகாய், கடைசியாக அன்னாசி. எல்லாமே தணலில்! பந்திக்கு முந்தினவர்கள் ஒரு மணிக்கே ஏப்பம் விட்டார்கள். கடைசி ஆள் தட்டில் மீன் விழும்போது மணி மூன்றரை. அதுவரை நான் இடுக்கியும் கையுமாக நின்றேன். எனக்குக் கிடைத்தது கருகின சாசேஜ் ஒன்றும் பாதி அன்னாசி வளையமும். "சாலட் இல்லையா?" என்று யாரோ கேட்டபோதுதான் மேஜையில் பேருக்குக்கூட ஒரு பச்சை இல்லை என்பது உறைத்தது.

இந்த வருஷமும் அதே ஆட்கள், அதே அடுப்பு. மெனுவை மட்டும் தலைகீழாக்கினேன். தணலில் ஏறுவது ஒன்றரை ஐட்டம், மீதி எல்லாம் முன்கூட்டியே தயார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தோன்றியவைதான் இவை.

எல்லாம் தணலிலா, ஒன்று மட்டும் தணலிலா?

முதலில் கணக்கு. என் அடுப்பின் கம்பி வலை 54 சென்டிமீட்டர் குறுக்களவு. பரப்பு சுமார் 2,300 சதுர சென்டிமீட்டர். கேட்க நிறைய இருப்பது போலத் தெரியும். ஆனால் கரியை முழுக்கப் பரப்பக் கூடாது. ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத்தைக் காலியாக விடவேண்டும். கொழுப்பு சொட்டினால் தீ குப்பென்று எழும். அந்த நேரத்தில் கறியைத் தள்ளிவைக்க ஓர் ஒதுக்கிடம் இல்லாவிட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை. ஆக, நேர்த்தணல் கிடைப்பது பாதி வலையில்தான், 1,150 சதுர சென்டிமீட்டர். எலும்பில்லாத தொடைக்கறி ஒரு துண்டு கிட்டத்தட்ட உள்ளங்கை அளவு. 12க்கு 10 என்று வைத்தால் 120. இடைவெளி விட்டு அடுக்கினால் எட்டுத் துண்டு. அவ்வளவுதான் அந்த அடுப்பின் கொள்ளளவு.

போன வருஷ மெனுவை இந்தக் கணக்கில் போட்டால் என் தோல்வி அப்படியே தெரியும். சிக்கன் இரண்டு சுற்று அரை மணி நேரம், சாசேஜ் கால் மணி, மீன் இரண்டு சுற்று, காய்கறி இரண்டு சுற்று, சோளம், அன்னாசி, நடுவில் கரி தீர்ந்து புதுக் கரி போட்டு அது பற்றும்வரை காத்திருப்பு. இரண்டரை மணி நேரம் ஆகாமல் என்ன செய்யும்?

இனி தட்டுக்கு வருவோம். சரிவிகித உணவுக்கு எளிய படமாக 2011இல் ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி ஒரு தட்டை வரைந்து காட்டியது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம். உருளைக்கிழங்கை அவர்கள் காய்கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். சராசரி பார்பிக்யூ தட்டு இதற்கு நேர் எதிர். பாதிக்கு மேல் கறி, அடுத்து பன், ஓரத்தில் அலங்காரத்துக்கு ஒரு வெள்ளரி வட்டம். விருந்து நாளில் யாரும் தராசு வைத்துச் சாப்பிட வேண்டாம். ஆனால் தட்டில் பாதி காய்கறி வேண்டும், அந்தப் பாதியும் தணலில்தான் ஏற வேண்டும் என்றால், எட்டுத் துண்டு இடத்துக்குள் அது நடக்கவே நடக்காது. காய்கறிப் பாதியை நெருப்பிலிருந்து விடுவித்தால்தான் தட்டும் சீராகும், அடுப்பும் மூச்சு விடும். இரண்டு கேள்விக்கும் ஒரே விடை.

'எல்லாம் தணலில்' மெனுவுக்கு ஒரு வாதம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அடுப்பைச் சுற்றி நின்று, இறக்க இறக்க எடுத்து, விரல் சுட்டுக்கொண்டு சாப்பிடும் ருசி தனி. நாலு பேர் என்றால் நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். எட்டுக்கு மேல் போனால் அது சமைக்கிறவருக்குத் தண்டனை.

நெருப்பில் எது? தொடையா, நெஞ்சா, சாசேஜா, மீனா?

ஒரே ஓர் அசைவம்தான் என்று முடிவெடுத்த பிறகு, எது என்பதில்தான் அதிகம் குழம்பினேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் கை காட்டுவது நெஞ்சுக்கறிக்கு. தோல் நீக்கி வெந்த நெஞ்சுக்கறி 100 கிராமில் புரதம் 31 கிராம், கொழுப்பு மூன்றரை கிராம் சொச்சம், 165 கலோரி. தொடைக்கறியில் புரதம் 26, கொழுப்பு 11, கலோரி 209. காகிதத்தில் நெஞ்சுதான் ஜெயிக்கிறது. அடுப்பில் கதை வேறு. கோழிக்கறி பாதுகாப்பாக வேக உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். நெஞ்சுக்கறி அந்த 74இல் நன்றாக இருக்கும், 80 தாண்டினால் மரத்தூள். தொடைக்கறியில் இணைப்புத்திசு அதிகம். சூடு ஏற ஏற அது இளகி ஜெலட்டினாக மாறும், கொழுப்பும் கூடவே காக்கும். அதனால் 80, 85 போனாலும் மெத்தென்றுதான் இருக்கும், சொல்லப்போனால் அங்கேதான் இன்னும் ருசி. விருந்தாளி வந்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு இரண்டு நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் நெஞ்சுக்கறி போச்சு. தொடைக்கறி அதை மன்னிக்கும்.

அந்த 44 கலோரி வித்தியாசம், 330 மில்லி கோலா ஒரு கேனில் இருக்கும் கலோரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கோலாவை விட்டுவிட்டுத் தொடைக்கறியோடு சண்டை போடுவானேன்?

முதல் நாள் ராத்திரியே உப்பு, தயிர், பூண்டு, மிளகாய் சேர்த்துப் பிசறி ஃபிரிட்ஜில் வைத்தேன். எலுமிச்சையைச் சேர்க்கவில்லை. நேரம் கூடினால் புளிப்பு மேல்சதையைக் கூழாக்கிவிடும், அது இறக்கிய பிறகு பிழிய வேண்டியது. ஊறவைத்த தயிரை வழித்துவிட்டுத்தான் வலையில் போடவேண்டும். இல்லாவிட்டால் கறி சிவக்காது, தயிர்தான் கருகும். கருகலில் ருசி மட்டுமா கெடும்? இறைச்சி அதிகச் சூட்டில் கருகும்போது ஹெட்டிரோசைக்ளிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. கொழுப்பு சொட்டி எழும் புகையோ பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற வேறு வகையைக் கறிமேல் படியவிடும். ஆய்வகச் சோதனைகளில் இரண்டும் மரபணுவைப் பாதிப்பவை. ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பதற வேண்டாம். ஆனால் சிவக்கவிடுவது சமையல், கரியவிடுவது கவனக்குறைவு.

சாசேஜ்தான் இருப்பதிலேயே சுலபம். வாங்கு, அடுக்கு, திருப்பு. குழந்தைகள் வேறு எதையும் தொடுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலான முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. அதில் 'தினமும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள் வேறு, தினசரி காலையுணவு வேறு. ஆனாலும் இதை மெனுவின் நாயகனாக்க எனக்கு மனசில்லை. குழந்தைகளுக்கென்று நாலு வாங்கினேன், சிக்கனின் ஓரத்தில் வெந்தது. முன்னால் சொன்ன ஒன்றரையில் அரை இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அரைத்த கறியை வடைபோலத் தட்டிச் செய்யும் பர்கர் பேட்டிக்கும் இடத்தேவை இதே அளவுதான், ஒரு கூடுதல் எச்சரிக்கையோடு. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி முழுத் துண்டுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிஷ ஓய்வும் போதும் என்கிறபோது, அரைத்த கறிக்கு 71 கேட்கிறார்கள்.

மீன்? ருசியில் முதலிடம், கூட்டத்துக்குக் கடைசி இடம். ஒட்டும், உடையும், இறக்கின உடனே சாப்பிட வேண்டும். எலுமிச்சையில் அரை மணிக்கு மேல் ஊறினால் அடுப்பில் ஏறுமுன்பே வெளுத்து உதிர ஆரம்பிக்கும். போன வருஷம் என் மீனில் பாதி கரிக்குத்தான் படையலானது.

கடைசியில் தொடைக்கறியே நின்றது. அசைவம் சாப்பிடுகிறவர் பத்துப் பேர். பச்சையாக 1.6 கிலோ, பதினாறு துண்டு. வெந்தால் கால் பங்கு சுருங்கி ஆளுக்குச் சுமார் 120 கிராம் வரும். எட்டு எட்டாக இரண்டே சுற்று. முதல் சுற்று வெந்ததும் அடுப்பின் காலிப் பக்கத்துக்குப் போய்ச் சூடாக உட்கார்ந்திருந்தது. வெந்ததா என்று வெட்டிப் பார்த்துச் சாறை வடியவிடாமல், குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்புக்கு நான் வாங்கிய சாமான்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

சைவக்காரருக்குக் காளானா, கொண்டைக்கடலையா?

இது எனக்கு ஆதங்கம் உள்ள இடம். பார்பிக்யூவுக்கு வரும் சைவக்காரர் தட்டைப் பாருங்கள். பெரிய காளான் ஒன்று, குடைமிளகாய் நாலு கீற்று, ஒரு சோளம். பார்வைக்கு ஜோர். ஆனால் காளானில் 100 கிராமுக்குப் புரதம் 3 கிராம்தான். கறியின் இடத்தில் காளானை உட்கார வைத்துவிட்டு, சமமாக உபசரித்தோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் வீட்டுக்குப் போய் மறுபடி சாப்பிடுகிறார்.

வேகவைத்த கொண்டைக்கடலையில் 100 கிராமுக்குப் புரதம் 9 கிராம், நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல். ஆனால் அதை அரைத்து வடிவம் பிடித்து வலையில் போடாதீர்கள். திருப்பும்போது பாதி கம்பிக்குக் கீழே போய்விடும், அனுபவத்தில் சொல்கிறேன். வெங்காயம், வெள்ளரி, தக்காளி, புதினா, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு விட்டுக் குளிர்ந்த சாலடாகச் செய்தேன். நெருப்பே வேண்டாம், முதல் நாளே செய்தால் இன்னும் நன்றாக ஊறும் (தக்காளியும் வெள்ளரியும் மட்டும் பரிமாறும் முன்). அதில் ஒரு லாபமும் உண்டு. காளான் இருந்தால் அது 'சைவக்காரர் ஐட்டம்'. கடலை சாலட் எல்லாருடையது. இரண்டு பேருக்கு என்று அளந்தால் போதவே போதாது. பன்னிரண்டு பேருக்குப் போடுங்கள்.

காளானும் வேண்டுமென்றால், வலையைத் தேய்த்துக் கழுவி, கறி ஏறுமுன் முதல் ஆளாக அதைப் போடவேண்டும். கறி வெந்த இடத்தில் அவர்களுடையதை வாட்டித் தருவது மரியாதை இல்லை.

உருளைக்கிழங்கு சாலட்: மயோனைஸா, வினிகரா?

மயோனைஸ் வெயிலில் கெட்டுப்போகும், அதனால்தான் வயிற்றைக் கலக்கும் என்று எல்லாரும் நம்புகிறோம். கடையில் விற்கும் மயோனைஸ் புளிப்புள்ளது, பதப்படுத்திய முட்டையில் செய்தது. கிருமிக்கு அது அவ்வளவு பிடித்த இடம் இல்லை. வீட்டில் பச்சை முட்டையில் அடிப்பது மட்டும் வேறு கதை. பெரும்பாலும் குற்றவாளி பக்கத்தில் இருக்கும் வெந்த கிழங்கும் முட்டையும், அவற்றை நறுக்கின கையும்தான். வெந்த உணவு எதுவானாலும் 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். வினிகர் ஊற்றிவிட்டோம் என்று இதிலிருந்து தப்பிக்க முடியாது.

ஆகவே, பாதுகாப்பில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். நான் வினிகர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ருசி. கொழுப்புக் கறிக்குப் பக்கத்தில் இன்னொரு கொழுப்பு எதற்கு? புளிப்பு இருந்தால் அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகும். ஒரே சூட்சுமம், கிழங்கு ஆவி பறக்கும்போதே வினிகரும் உப்பும் தெளிக்க வேண்டும். ஆறின பிறகு ஊற்றினால் மேலேயே நின்றுவிடும், சூட்டில் உள்ளே இறங்கும். எண்ணெய், கடுகு விழுது, வெங்காயத்தாள் எல்லாம் ஆறின பிறகு.

பாஸ்தா சாலட் டிரெஸ்ஸிங்கை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு, பரிமாறும்போது வறண்டு கிடக்கும். சோறு வேண்டவே வேண்டாம். வெந்த சோற்றை வெதுவெதுப்பாக விட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பன்னும் கிழங்கும் சேர்ந்தாலே மாவுச்சத்துக் கால் பங்கு நிரம்பி வழிந்துவிடும், மூன்றாவது ஒன்று எதற்கு? பன்னை முழுக்கோதுமையில் வாங்கினேன், யாரும் கவனிக்கவில்லை.

கீரையா, கோஸா?

லெட்டூஸ் வெயிலில் பத்து நிமிஷத்தில் துவண்டுவிடும். டிரெஸ்ஸிங் பட்டால் ஐந்து. முட்டைகோஸ் அப்படி இல்லை. மெல்லிசாகச் சீவி உப்புப் பிசறி ஒரு மணி நேரம் வடிதட்டில் போட்டு, கையால் பிழிந்தேன். கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர்தான் வழக்கமாக சாலடை நீர்க்கவைப்பது. பிறகு கேரட், எலுமிச்சை, கொஞ்சம் தயிர். பிழிந்தபின் ருசி பார்த்துத்தான் மறுபடி உப்பு. மூன்று மணி நேரம் ஐஸ் தட்டின்மேல் இருந்தும் கடித்தால் மொறுமொறுவென்றே இருந்தது. இதில் போட்டியே இல்லை.

சோளம்: தணலா, கொதிநீரா?

காய்கறிகளில் தணலில் ஏற்ற நான் சம்மதித்தது இது ஒன்றைத்தான், அதுவும் கடைசி மூன்று நிமிஷத்துக்கு மட்டும். மக்காச்சோளம் பறித்த கணத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது, சூடான இடத்தில் இன்னும் வேகமாக. அதனால் அன்றைக்கே வாங்கி, அதுவரை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உள்ளே ஐந்து நிமிஷம் கொதிநீரில் போட்டு எடுத்து, கறி இறங்கின பின் மிச்சத் தணலில் புள்ளி விழ வாட்டினேன். பச்சையாகப் போட்டு இருபது நிமிஷம் இடத்தை அடைத்துக்கொள்வதற்கும் இதற்கும் ருசியில் வித்தியாசம் சொன்னவர் யாரும் இல்லை. கொதிநீருக்கும் கரிக்கும் சமரசம்!

குடிக்கவும் இனிப்புக்கும்

இதில் அதிகம் யோசிக்கவில்லை. 330 மில்லி கோலாவில் சர்க்கரை 35 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பெரிய ஜாடியில் எலுமிச்சை, புதினா, வெள்ளரி போட்ட ஐஸ் தண்ணீர் முன்னால் இருந்தது. கேன்கள் பெட்டியின் அடியில். வெயிலில் தாகத்துக்குக் கை முதலில் எட்டுவதைத்தான் எடுக்கிறார்கள். இன்னொன்று, பானங்களுக்கு ஓர் ஐஸ் பெட்டி, கறிக்கும் சாலடுக்கும் தனிப் பெட்டி. பானப் பெட்டியை ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் திறப்பார். அந்தச் சூட்டில் பச்சைக் கறி இருக்கக் கூடாது.

அன்னாசியைத் தணலில் வாட்டினால் அபாரம். ஆனால் சிக்கன் கொழுப்பு ஒட்டிய வலையைச் சூட்டோடு தேய்த்தால்தான் அது நடக்கும், அந்த நேரத்தில் எனக்கு உட்காரவேண்டும். ஐஸ்கிரீமுக்கு ஓட்டம் ஓட வேண்டும். தர்ப்பூசணியை வெட்டி வைத்தால் வேலை முடிந்தது. நூற்றில் 92 பங்கு தண்ணீர், வெயிலுக்கு வேறென்ன வேண்டும்.

அன்றைக்கு நடந்தது

பன்னிரண்டு மணிக்குக் கரி பற்றவைத்தேன். நீறு பூக்க அரை மணி. பன்னிரண்டே முக்காலுக்கு முதல் எட்டு, ஒரு மணிக்கு இரண்டாவது எட்டு, ஓரத்தில் சாசேஜ். சாலட்களை ஐஸ் தட்டோடு வெளியே கொண்டுவந்தது கறி இறங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான், அதற்கு முன்னால் இல்லை. ஒன்றேகாலுக்கு எல்லார் தட்டிலும் சாப்பாடு, என் தட்டு உட்பட. சோளம் அதன் பின்னால் சுடச்சுட வந்தது.

இரண்டேகாலுக்கு மேஜையை ஒழித்தேன். உருளைக்கிழங்கு சாலடில் இரண்டு கரண்டி மிச்சம், வெயில் நேரத்தைக் கணக்குப் பார்த்து அதைக் கொட்டிவிட்டேன். கடலை சாலட் கிண்ணத்தை யாரோ பன்னால் துடைத்திருந்தார்கள். போன வருஷம் பாதி கரிந்த மீனைச் சாப்பிட்ட நண்பர் மட்டும் "மீன் போடலையா?" என்று விசாரித்தார். அடுத்த தடவை அவரையும் இன்னும் இரண்டு பேரையும் மட்டும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.